ரதியின் கால் பதுளைக்குப் போன கதை

பழனியாண்டி அண்ணனையும் என் வீட்டுக்காரரையும் தனித்தனியாகப் பார்த்தவர்கள் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ரொம்பக் குறைவு. அண்ணனுக்குக் கண் தெரியாது. சின்ன வயதில் அம்மை போட்டு இரண்டும் போய்விட்டன. என் வீட்டுக்காரர் பிரதாப்புக்கு இடது காலில் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் கிடையாது. விறகுக்கு மரம் வெட்டப் போன இடத்தில், மரம் இவர் நினைத்த பக்கம் விழாமல் தான் நினைத்த பக்கம் விழுந்துவிட்டது. இருவரும் தலவாக்கலைக்குப் போவதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். அண்ணன் முன்னால், இவர் பின்னால். இவருடைய வலது கக்கத்தில் ஊன்றுகோல், இடது கை அண்ணன் தோளில். "கல்லு", "பள்ளம்", "சாணி" என்று இவர் சொல்லச் சொல்ல அண்ணன் காலை எடுத்து வைப்பார். இரண்டு பேருக்கும் சேர்த்து மூன்று கால், இரண்டு கண். வாய் மட்டும் ஒரு லயத்து வீடுகள் அத்தனைக்கும் போதுமான அளவு இருந்தது.

நான் கிருஷாந்தி. அம்மாமார் கொழுந்தெடுக்கப் போன பிறகு அவர்களுடைய கைப்பிள்ளைகளைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. பகல் முழுக்கப் பிள்ளைகளோடு கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், இந்த இரண்டு பெரிய பிள்ளைகள் அடுப்படியில் உட்கார்ந்து குடிக்கச் சாயத் தண்ணி கேட்பார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று லயத்தில் பேச்சு. என் இடத்தில் இருந்தால் யாருக்கும் வரும்.

என் வீட்டுக்காரரை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் சேலை கட்டியிருந்தார். மாசி மாதத்தில் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும். சிவனுடைய தவத்தைக் கலைக்கப் போய்ச் சாம்பலான காமனுக்காக அவன் பெண்டாட்டி ரதி அழுது ஆடுகிற கூத்து. ரதி வேஷம் கட்டுவதும் ஆண்தான். திம்புள்ளப் பக்கத்துப் பெண்ணான நான், இங்கே அத்தை வீட்டுக்கு வந்த இடத்தில் கூத்துப் பார்க்கப் போனேன். மீசையை மழித்து, முகத்தில் மஞ்சள் பூசி, காலில் சலங்கை கட்டி அந்த ரதி அழுத அழுகையில் ஊரே மூக்கைச் சிந்தியது. நானும் சிந்தினேன். ஆட்டம் முடிந்ததும் அதே ரதி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தப்படித்த ஆளோடு சேர்ந்து விழுந்து விழுந்து சிரித்ததைப் பார்த்தேன். கட்டினால் இந்த ஆளைத்தான் கட்டுவது என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். தப்படித்த ஆள் பழனியாண்டி அண்ணன். கல்யாணமாகி வந்த பிறகுதான், கட்டினது ஒருவரை என்றாலும் சோறு போட வேண்டியது இருவருக்கு என்று தெரிந்தது.

கால் போன பிறகு இவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். சோறு வைத்தால் சாப்பிடுவார், எடுத்தால் விட்டுவிடுவார். கத்திப் பார்த்தேன், அழுது பார்த்தேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். ஒருநாள் அண்ணன் வந்து வாசலில் நின்றார்.

"பிரதாப்பு, ஒரு ஒதவி பண்ணுடா. போன மாசம் பீலிக்கரையில தண்ணி புடிக்கப் போயி வழுக்கி விழுந்தேன்ல, அதுலருந்து காதுல ஒரே எரைச்சல். முன்ன மாதிரி வழி புடிபடல. கடைக்குப் போவணும், கூட வா."

"நானே எந்திரிக்க முடியாமக் கெடக்கேன் அண்ணே."

"என் தோளப் புடிச்சுக்க. நீ வழி சொல்லு, நான் நடக்குறேன். ரெண்டு பேரும் சேந்து விழுந்தா, பழிய ஒருத்தன் மேல ஒருத்தன் போட்டுக்கலாம்."

இவர் முனகிக்கொண்டே எழுந்தார். அன்றைக்குக் கடைக்குப் போய் வரப் பொழுது சாய்ந்துவிட்டது. இரண்டு பேர் வேட்டியிலும் சேறு. யார் முதலில் விழுந்தது என்று வாசலில் நின்று சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டு நான் அடுப்படியில் உட்கார்ந்து நிம்மதியாக அழுதேன். அதன் பிறகு தினமும் அண்ணனுக்கு எங்காவது போக வேண்டியிருந்தது. கோயிலுக்கு, முடி வெட்ட, தலவாக்கலை பஸ் ஸ்டாண்டில் பரிசு விழுகிற லொத்தர் சீட்டு விற்க. பாவம், காது இப்படியாகிவிட்டதே என்று லயமே பேசியது. காதில் இரைச்சல் உள்ள மனுஷன் தாளம் பிசகாமல் எப்படித் தப்படிக்கிறார் என்று எங்களில் ஒரு ஆளுக்கும் யோசனை போகவில்லை.

பல வருஷம் இப்படியே போனது. கடைசியில் கண்டியில் கால் செய்து கொடுக்கிற ஒரு இடத்தில் இவருக்கும் ஒரு கால் கிடைத்தது. முழங்காலில் மாட்டி வாரை இழுத்துக் கட்டுகிற கால். கறுப்புச் சப்பாத்து, வெள்ளை மேஸ் எல்லாம் போட்டு வைத்திருந்தார்கள். எங்கள் மகள் லோஜினி அதன் பின்பக்கத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சி ஸ்டிக்கரை ஒட்டிவிட்டாள். அண்ணன் அந்தக் காலை மடியில் வைத்து மேலும் கீழும் தடவிப் பார்த்தார்.

"நல்லாருக்குடா. இனி என் தோளுக்கு லீவுதான்" என்று சிரித்தார்.

அவர் சிரித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் என் வீட்டுக்காரர் அதைக் கவனிக்கிற நிலைமையில் இல்லை. கண்ணாடி முன் நின்று இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளில் ஸ்டோருக்குத் தனியாக நடந்து போய்த் தேயிலை மூட்டை தைக்கிற வேலைக்குச் சேர்ந்தார். அண்ணனும் முன்னைப் போல அடிக்கடி கூப்பிடவில்லை. கேட்டால், வேறு யாராவது கூட வருகிறார்கள் என்பார்.

தை மாதம் கோயிலில் கூட்டம் போட்டு, இந்த வருஷம் ரதி யார் என்று கூத்து மாஸ்டர் கேட்டபோது, இவர் எழுந்து நின்று, "நான் ஆடுறேன்" என்றார்.  ஸ்டோரில் வேலை செய்கிற இளந்தாரிப் பையன் நிரோஷன் ஏற்கனவே ஆசையோடு காத்துக்கொண்டிருந்தான். கட்டைக் காலோடு ரதியா என்று பின்னால் யாரோ முணுமுணுத்தது எனக்கே கேட்டது. மாஸ்டர் நல்ல மனுஷன். யோசித்துவிட்டுச் சரி என்றார். "ஆனா காப்புக் கட்டிட்டுப் பாதியில நின்னா தோட்டத்துக்கே ஆகாது பிரதாப். அது ஒனக்கே தெரியும்" என்றும் சொன்னார்.

தினமும் சாயந்திரம் கோயிலுக்குப் பின்னால் பயிற்சி. அண்ணன் தப்படிப்பார், இவர் ஆடுவார், விழுவார், எழுவார். வீட்டுக்கு வந்ததும் நான் எண்ணெய் தேய்த்துவிடுவேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனுஷன் மறுபடியும் ரதியாக நிற்க வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

காப்புக் கட்டுகிற நாளன்று காலையில்தான் வினை. கால் கொஞ்சம் தளர்ந்துபோயிருந்தது. அதை இறுக்கிக்கொண்டு வர, இருவரும் முந்தின நாளே கண்டிக்குப் போய்த் தங்கியிருந்தார்கள். காலைச் சாக்குப் பையில் போட்டுக்கொண்டு, இவர் பழையபடி ஊன்றுகோலோடு போனார். திரும்பி வரும்போது ரயிலில் மாட்டிப் பார்த்திருக்கிறார். புதிதாக இறுக்கினது, பயிற்சியில் உராய்ந்து ஆன புண்ணைக் கடித்திருக்கிறது. கழற்றிப் பையில் போட்டு மேல் தட்டில் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டார். அண்ணனுக்கு அந்தப் பாதை முழுக்கக் காதிலேயே இருக்கும். வட்டவளை வளைவுகள் முடிந்து, அட்டன் தாண்டி, பெரிய சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்தால் கொட்டகலை, அடுத்து தலவாக்கலை. அதில் ஒரு பிழையும் இல்லை. சரியாகத் தலவாக்கலையில் இவரைத் தட்டி எழுப்பியிருக்கிறார்.

"எறங்குடா, எறங்குடா, கோச்சி நிக்காது."

இவர் தூக்கக் கலக்கத்தில் ஊன்றுகோலைக் கக்கத்தில் வைத்தார், இடது கையை அண்ணன் தோளில் போட்டார், இறங்கினார். இத்தனை வருஷப் பழக்கம். கையில் தோள் இருந்தால் காலைத் தேட வேண்டும் என்று உடம்புக்குத் தோன்றவே இல்லை. ரயில் போய், பிளாட்பாரம் காலியாகி, அண்ணன் பீடி கேட்ட பிறகுதான் இவர் குனிந்து பார்த்திருக்கிறார்.

"அண்ணே, என் காலு?"

"அது எங்கிட்ட ஏன்டா கேக்குற?"

ஸ்டேஷன் மாஸ்டர் மாத்தயா சிங்களவர். என்ன பொருள் தொலைந்தது என்று கேட்டாராம். கால் என்று இவர் சொல்ல, அவர் மேசைக்கு மேலால் எட்டி இவரைக் கீழே ஒருதரம், மேலே ஒருதரம் பார்த்தாராம். சிரிப்பை அடக்கிக்கொண்டு போனைப் போட்டு ஒவ்வொரு ஸ்டேஷனாகச் சொல்லி வைத்தார். நானுஓயாவில் எடுத்து அடுத்த ரயிலில் அனுப்பிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். நான் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

சாயந்திரம் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றி, இவர் கையில் காப்பும் கட்டியாகிவிட்டது. மீசையையும் மழித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு போன் வந்தது. கால் பதுளை வரைக்கும் போய்விட்டது. பத்திரமாக இருக்கிறது, ஆனால் சொந்தக்காரர் நேரில் வந்துதான் வாங்க வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் காப்புக் கட்டியவர்கள் கூத்து முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லை என்பது கீழே ஓடையில் இருக்கிற பலகைப் பாலம். மூன்றாம் நாள் பின்னேரம் ரதியும் காமனும் பொட்டலிலிருந்து புறப்பட்டு லயம் லயமாக ஆடி வர வேண்டும். பொட்டலில் பெரிய வாக்குவாதம் ஆகிப்போனது.

"காப்ப அவுத்துட்டுப் போய்ட்டு வா. ஆனா அவுத்தா அவுத்ததுதான். நிரோஷனுக்குத்தான் கட்டணும்" என்றார் மாஸ்டர்.

"இவரு எல்லைக்குள்ள இருந்தாலும் காலு எல்லை தாண்டிப் போயிருச்சே, அதுக்கு என்ன சொல்றீங்க?" என்று கோயில் தலைவர் ஒரு புதுப் பிரச்சினையைக் கிளப்பினார்.

"காலு போகும்போது காப்புக் கட்டலீங்களே" என்றேன் நான்.

அந்த நேரத்தில் என் பின்னால் ஒருத்தி, கால் வந்தது பொறுக்காமல் அந்தக் குருட்டு ஆள்தான் வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்திருப்பார் என்றாள். திரும்பி நான் கொடுத்த கொடுப்பில் அவள் அந்த வாரம் முழுக்கப் பீலிக்கரைக்கு வரவில்லை. ஆனால் அண்ணன் காதில் அது விழுந்துவிட்டது.  தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

நானே லீவு சொல்லிவிட்டுப் பதுளைக்குப் போகலாம் என்று மறுநாள் காலையில் கிளம்பிக்கொண்டிருந்தேன். அண்ணனுடைய அக்கா வீரம்மா ஓடி வந்தார்.

"தம்பி இங்கயா இருக்கான்? வெடியக்காலயிலருந்து ஆளக் காணோம். கம்பையுங் காணோம்."

தலவாக்கலை ஸ்டேஷனுக்குப் போன் பண்ணினோம். கண் தெரியாத ஒரு லொத்தர்காரர் பதுளைக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு காலை ரயிலில் ஏறிவிட்டார் என்றார்கள். தனியாகவா என்று கேட்டேன். தனியாகத்தான். அண்ணனுடைய போனுக்கு அடித்தால் அணைத்து வைத்திருந்தது.

என் வீட்டுக்காரர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "காதுல எரைச்சல் புள்ள அவருக்கு. கடைக்கே தனியாப் போகமாட்டாரு. பதுளைக்கு எப்படிப் போவாரு?" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பதுளைக்குப் போய்ச் சேர்ந்தாரா என்று கேட்டுச் சொல்லும்படி ஸ்டேஷன் மாத்தயாவைக் கெஞ்சினோம். ஒரு கால் போதாதென்று இப்போது ஒரு ஆளும் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் அவரே கூப்பிட்டார். ஆள் பத்திரமாகப் பதுளையில் இருக்கிறார், பொருள் அறையைப் பூட்டிவிட்டதால் காலையில்தான் கால் கிடைக்கும், ஸ்டேஷனிலேயே படுக்க இடம் கொடுத்திருக்கிறார்கள் என்றார். அன்றைக்கு நல்ல மழை. என் வீட்டுக்காரர் தூங்கவே இல்லை.

மூன்றாம் நாள் பின்னேரம். ரதிக்குச் சேலை கட்டி, மஞ்சள் பூசி, பூ வைத்து, ஒற்றைக் காலில் சலங்கையும் கட்டி எங்கள் வாசலில் உட்கார வைத்தாகிவிட்டது. கோயில் தலைவர் தன் மகனைத் தலவாக்கலை ஸ்டேஷனுக்கு அனுப்பியிருந்தார். பதுளையிலிருந்து வந்த ரயிலில் அண்ணன் இறங்கவில்லை என்று அவன் போனில் சொன்னான். மாஸ்டர் வந்து இவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துவிட்டது.

"வெளிச்சம் இருக்கும்போதே ரதி எறங்கணும் பிரதாப். இன்னுங் கொஞ்ச நேரந்தான் பார்ப்பேன். அங்க நிரோஷனுக்குச் சேலை கட்டி வச்சிருக்கு."

"ரதிய யாருக்கு வேணும்னாலும் குடுங்க மாஸ்டர்" என்றார் இவர். "எனக்கு அண்ணன் வந்தாப் போதும்."

மாஸ்டர் எழுந்து பொட்டலுக்குப் போனார். பனிமூட்டம் மெதுவாக மலைமேல் ஏறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் கீழேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. ரதி புறப்படுகிற அடி. தாளம் நன்றாகத் தெரிந்த தாளம், ஆனால் தோல் சத்தம் இல்லை. அண்ணனுடைய தப்பு வீரம்மா அக்கா வீட்டுச் சுவரில் தொங்குவதை நான் காலையில்தான் பார்த்தேன். இது ஏதோ பிளாஸ்டிக் வாளியைத் தட்டுகிற மாதிரி டொக்கு டொக்கென்று வந்தது.

"அது என் காலு" என்றார் என் வீட்டுக்காரர்.

ஊன்றுகோலை எடுத்தார், சேலையைத் தூக்கிச் செருகினார், படிக்கட்டில் நொண்டிக்கொண்டே பாய்ந்தார். ரதி ஒற்றைச் சலங்கையோடு தேயிலைக்கு நடுவே ஓட, பின்னால் நான் ஓடினேன். பாலத்தடிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் அக்கரையிலிருந்து ஏறிப் பாலத்தின் பாதிக்கு வந்திருந்தார். ஒரு கையில் வெள்ளைக் கம்பு. தோளில் சப்பாத்தோடு கால், மறு கை அதில் தாளம் தட்டிக்கொண்டிருந்தது. முந்தின நாள் மழையில் பாலத்தின் நடுப்பலகை போய்விட்டிருந்தது. கீழே ஓடை கலங்கி இரைந்துகொண்டிருந்தது.

"நில்லுங்க" என்று இவர் கத்தினார். "அண்ணே, அப்படியே நில்லுங்க. முன்னால பலகை இல்ல."

அண்ணன் நின்றார். தூக்கிய கால் தூக்கியபடி இருந்தது. பிறகு மெதுவாக இருந்த இடத்திலேயே வைத்தார்.

நான் போய்க் கூட்டி வருகிறேன் என்று பாலத்தில் கால் வைத்தேன். இவர் என் கையைப் பிடித்தார். "நீ ஏறினா ஆடும். என் சத்தம் போதும் அவருக்கு." பாலத்தடியில் நட்டிருந்த எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு சாண் தள்ளி நின்றுகொண்டு, குரலை மட்டும் அனுப்பினார்.

"கம்ப நீட்டுங்க. இன்னும் கொஞ்சம். தட்டுப்படுதா? அதுதான் அடுத்த பலகை."

"எம்புட்டு தூரம்டா?"

"எங்க வீட்டு வாசப்படி ஒசரம் இருக்குல்ல, அம்புட்டுதான். எட்டி வைக்கணும்."

"அப்ப இந்தச் சனியன மொதல்ல வாங்கு. இது தோள்ல இருந்தா சாயுது" என்ற அண்ணன், நாங்கள் வேண்டாம் என்று சொல்வதற்குள் காலைக் குரல் வந்த திசைக்கு வீசிவிட்டார். கால் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, சப்பாத்து முன்னால் வந்து, நேராக என் நெஞ்சில் மோதியது. கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரரிடம் நான் வாங்கிய ஒரே உதை அதுதான்.

"புடிச்சாச்சா?"

"புடிச்சாச்சு அண்ணே" என்றேன். மூச்சு வரவில்லை.

"இப்ப வலது காலு. நேரா. பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்றார் இவர். அண்ணன் எட்டி வைத்தார். பலகை ஆடியது. அடுத்த காலும் வந்தது. பிறகு இரண்டே எட்டில் இக்கரைக்கு வந்து, கையை நீட்டி, மஞ்சள் பூசிய முகத்தைத் தடவிப் பார்த்தார்.

"என்னடா இது, மீசையில்லாம மொழுமொழுன்னு."

என் வீட்டுக்காரர் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். கூத்தில் அழுகிற அழுகை இல்லை அது. எனக்கும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இவர் காலை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தேன்.

அழுது முடிந்ததும் திட்டு ஆரம்பித்தது. "தலவாக்கலையில ஆளு நின்னுச்சே, எங்க போனீங்க?"

"மறுபடியும் ஏதாவது விட்டுட்டு எறங்கிருவனோன்னு பயந்து ரொம்ப முன்கூட்டியே எந்திரிச்சுட்டேன்டா. வட்டகொடையிலயே எறங்கிட்டேன். அங்கருந்து பஸ்ஸு. அந்தக் காலுக்கும் டிக்கெட் எடுக்கணும்னு கண்டக்டர் வம்பு பண்றான்."

"சரி, ரோட்லருந்து இங்க வரைக்கும்? அத்தன படிக்கட்டு, அத்தன வளைவு. யாரு வழி சொன்னா?"

"யாரு சொல்லணும்? நடந்து பழகின வழிதான."

 என் வீட்டுக்காரர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, காதுல எரைச்சல்னு சொன்னீங்களே."

அண்ணன் கம்பால் தரையைத் தட்டினார். "அதா? கோச்சிச் சத்தத்துல போயிருச்சு போல" என்றார்.

இத்தனை வருஷமாகக் கல்லு, பள்ளம், சாணி என்று இவர் தொண்டை வற்றக் கத்திக்கொண்டு போனது எல்லாம் எனக்குள் ஓடியது. அண்ணனுக்கு அதில் ஒன்றும் தேவைப்பட்டிருக்கவில்லை. இவர் எழுந்து வெளியே வர வேண்டும், அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது. இவருக்கும் அது புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. 

பொட்டலில் கால் மாட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் பதுளைக் கதையைச் சொன்னார். அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்பது நல்லது. காலுக்குச் சொந்தக்காரர் யார் என்று அங்கே இருந்த மாத்தயா கேட்டாராம். நான்தான் என்றாராம் அண்ணன். உங்களுக்கு இரண்டு கால் இருக்கிறதே என்றாராம் அவர். "இந்தக் காலு வர்றதுக்கு முன்னால அவனுக்குக் காலா இருந்தது நான்தான் மாத்தயா. இது எனக்குப் பின்னால வந்தது, எனக்குத் தம்பி முறை" என்று சிங்களத்திலேயே சொல்லியிருக்கிறார். அதற்கும் அவர் தயங்க, முழங்காலுக்குப் பின்பக்கம் ஒரு வண்ணத்துப்பூச்சி ஒட்டியிருக்கும், ஒரு இறக்கை நுனி உரிந்திருக்கும், நான் பார்த்ததில்லை, தொட்டிருக்கிறேன் என்றாராம். மாத்தயா திருப்பிப் பார்த்துவிட்டுக் காலைக் கொடுத்து, பிளேன்டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பினாராம்.

கோயில் தலைவர் இன்னும் விடவில்லை. எல்லை தாண்டிய காலோடு ரதி எப்படி ஆடலாம் என்றார். மாஸ்டர் ஒரு நிமிஷம் யோசித்தார். மஞ்சள் தண்ணியைக் கொண்டுவரச் சொல்லி, சப்பாத்தோடு சேர்த்துக் காலில் தெளித்தார். பிறகு ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்து, சலங்கைக்கு மேலே அந்தக் காலுக்கும் ஒரு காப்பைக் கட்டினார்.

"இனி இதுவும் கூத்து முடியிறவரைக்கும் எல்லை தாண்டக் கூடாது" என்று காலைப் பார்த்தே சொன்னார். சேலை கட்டி நின்ற நிரோஷன்தான் முதலில் சிரித்தான். சிரித்துக்கொண்டே போய்ச் சேலையை அவிழ்த்தான். நல்ல பையன்.

வீரம்மா அக்கா தப்பைக் கொண்டுவந்து அண்ணன் கழுத்தில் மாட்டினார். வெளிச்சம் இன்னும் இருந்தது. ரதி புறப்பட வேண்டிய நேரம். இரண்டு கால், இரண்டு சலங்கை, கையில் ஊன்றுகோல் கிடையாது. இவர் நிமிர்ந்து நின்றார். நேராக அண்ணன் பின்னால் போய், இடது கையைத் தூக்கி அவர் தோளில் வைத்தார்.

"பிரதாப், ரதி தப்புக்காரன் தோளப் புடிச்சிட்டு வர்றதுன்னு கூத்துல இல்லயே" என்றார் மாஸ்டர்.

"இந்தத் தோட்டத்துல இருக்கு மாஸ்டர்" என்றார் இவர்.

 அண்ணன் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு அடியை எடுத்தார். முதல் லயத்து வாசல் வரைக்கும் தோளைப் பிடித்தபடியே வந்து, அங்கே கையை எடுத்துவிட்டு இவர் ஆடினார். ஆடினார் என்றால் ஆடினார். முதல் திருப்பத்தில் எனக்கு உயிர் போய் வந்தது. பிறகு பயப்பட மறந்துபோனேன். கட்டைக் காலா என்று முணுமுணுத்தவர்களே ரதி காலில் விழுந்து கும்பிட்டார்கள். அவர்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதில் பாதி பிளாஸ்டிக்.

ரதி வேஷத்தை மூன்று வருஷம் கட்டுவதாக இவர் வேண்டிக்கொண்டிருந்தார். அது போன வருஷத்தோடு முடிந்தது. இந்த மாசியில் நிரோஷன் கட்டினான். இரண்டும் நல்ல கால், ஆட்டமும் குறைசொல்ல முடியாது. என் வீட்டுக்காரரும் நானும் கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் சனம் வந்திருந்தது. அண்ணன் தப்பை எடுத்து அடியைத் தொடங்கினார். நிரோஷன் அந்த அடிக்குத் தானாகப் புறப்பட்டு முன்னால் போனான்.

மாஸ்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவன் முதுகில் ஒன்று வைத்தார்.

"எங்கடா தனியாப் போற? தோளப் புடிடா. அதுதானே நம்ம தோட்டத்து முறை."